ரொட்டி வேன் இன்ஜினும் 77 மாடல் ஃபோர்டும்

டெக்சஸில் எங்கள் வீட்டு டிரைவ்வேயில் சரிவு என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. மழை பெய்தால் தண்ணீர் ரோட்டுப் பக்கம் ஓடும், அவ்வளவுதான். அந்தச் சரிவிலேயே என் ஃபோர்டு நிற்க மாட்டேன் என்றது. முதல் கியரில் ஊர்ந்து வந்த வண்டியை நிறுத்தலாம் என்று கிளட்ச்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்தேன். கிளட்ச் இறங்கியது, பிரேக் இறங்கவில்லை. பெடல் கருங்கல். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சீட்டை விட்டு எழுந்தே நின்று மிதித்தேன். குப்பைக்காரர்களுக்காக ஓரமாக வைத்திருந்த நீலத் தொட்டியை நசுக்கிவிட்டு, பாதி ரோட்டில் போய் வண்டி நின்றது. இன்ஜின் மட்டும் ஒன்றும் நடக்காதது போல டக்டக்கென்று ஓடிக்கொண்டிருந்தது.

பழைய பிக்கப்பின் பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டு டீசல் இன்ஜின் வைப்பதில் ஆறு மாத வார இறுதிகள் போயிருந்தன. புது இன்ஜினில் குறையே சொல்ல முடியாது. ஆனால் கழற்றி எறிந்த பெட்ரோல் இன்ஜின், வண்டியை ஓட்டியதோடு இன்னும் என்னென்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிய ஆரம்பித்தது.

வண்டி 1977 ஃபோர்டு எஃப்-100. ஊரில் யாரிடம் சொன்னாலும் "எஃப்-150 தானே?" என்பார்கள். இல்லை. எஃப்-150 பிறந்ததே 1975இல், ஒரு எடைக் கணக்குக்காக. வண்டியின் மொத்த எடைத் தகுதி 6,000 பவுண்டைத் தாண்டினால் அன்றைய புகை விதிகளில் இருந்து நழுவிவிடலாம். அதற்காகவே கொஞ்சம் கனமாகச் செய்த வண்டி அது. எஃப்-100 விதிக்குக் கட்டுப்பட்ட அண்ணன். 1983 வரை வந்துவிட்டு நின்றுபோனது. என்னுடையதில் இருந்தது 300 கன அங்குல, அதாவது 4.9 லிட்டர், வரிசை ஆறு சிலிண்டர். அடித்தாலும் சாகாத இன்ஜின் என்று பெயர் வாங்கியது. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் அதையும் சாகடித்திருந்தார். ரேடியேட்டரில் தண்ணீர் இல்லாமல் ஓட்டி, பிஸ்டன் பிடித்து, இன்ஜின் சீஸ். அதையே சிலிண்டரைக் கடைந்து, போர் போட்டுக் கட்டியிருந்தால் செலவு பாதிதான் ஆகியிருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் மைலேஜ் கணக்கோடு வரக் கூடாது.

டீசல் போடும் ஆசைக்குக் காரணம் வேறு. அப்பா சங்ககிரியில் லாரி வைத்திருந்தார். கடைசியாக ஓட்டியது கம்மின்ஸ் இன்ஜின் போட்ட டாடா 1613. ஜம்ஷெட்பூரில் டாடாவும் கம்மின்ஸும் கூட்டாகச் செய்த ஆறு சிலிண்டர், 5.9 லிட்டர். அதே குடும்பத்து இன்ஜினைத்தான் இங்கே 1989இல் டாட்ஜ் பிக்கப்பில் போட்டு, அமெரிக்காவில் டீசல் பிக்கப் என்றால் இதுதான் என்று ஆக்கினார்கள். அந்தக் குடும்பத்தில் நான்கு சிலிண்டர் தம்பி ஒன்று உண்டு: 4பிடி, 3.9 லிட்டர். நாலு சிலிண்டருக்கு 3.9 என்றால் ஒரு சிலிண்டர் கிட்டத்தட்ட ஒரு லிட்டர். ஊர் கார் ஒன்றின் முழு இன்ஜின் இங்கே ஒரு குடத்துக்குள் அடங்கிவிடும்.

இந்த 4பிடி கார்களுக்காகச் செய்தது அல்ல. ஜெனரேட்டர், மண் அள்ளும் இயந்திரம், பிறகு ரொட்டியும் சிப்ஸும் கடை கடையாகப் போடுகிற பெட்டி வேன்கள். அந்த வேன்கள் அலுமினிய உடம்போடு துருப்பிடிக்காமல் கிடக்கும், ஓட்டம் முடிந்ததும் ஸ்கிராப் யார்டுக்கு வரும். பழைய பிக்கப்காரர்கள் அங்கே காத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு காலத்தில் கேட்பாரற்றுக் கிடந்த இன்ஜின் இப்போது யானை விலை. எனக்குக் கிடைத்தது ஒரு ரொட்டி வேனுடையது. யார்டுக்காரர் வேனை அப்படியே காட்டி, "வேறு ஏதாவது வேண்டுமென்றால் கழற்றிக்கொள்" என்றார். நான் பெரிய மனுஷனாக, இன்ஜின் மட்டும் போதும் என்றேன். இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

எனக்கு இந்த இன்ஜினில் பிடித்ததே அதற்குக் கம்ப்யூட்டர் கிடையாது என்பதுதான். பாஷ் ரோட்டரி பம்ப், டீசலைத் தெளிக்க மெக்கானிக்கல் நாசில், டைமிங்குக்கு செயினோ பெல்ட்டோ இல்லை, எல்லாம் பல்சக்கரம். ஓடுவதற்கு ஒரே ஒரு வயர் போதும்: பம்பின் தலையில் இருக்கிற சோலினாய்டு என்ற மின் வால்வுக்கு 12 வோல்ட். குதிரைத் திறன் 105, பழைய ஆறு சிலிண்டருக்குப் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் அந்த 105 வருவது நிமிடத்துக்கு 2,500 சுற்றில். புல்லிங் முழுவதும் 1,600 சுற்றுக்குப் பக்கத்திலேயே வந்துவிடும்.

எடைதான் முதல் அடி. பழைய ஃபோர்டு இன்ஜின் 225 கிலோ சொச்சம். இது 340. நான் வாடகைக்கு எடுத்த இன்ஜின் கிரேனில் 2 டன் என்று பெரிதாக எழுதியிருந்தது. கிரேனின் கையை உள்ளே தள்ளி வைத்தால்தான் 2 டன். பானெட்டைத் தாண்டி எட்டுகிற அளவுக்கு இழுத்து வைத்தால் அரை டன்தான் தாங்கும் என்று அடுத்த ஓட்டைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. கியர்பாக்ஸையும் சேர்த்துத் தூக்கலாம் என்றிருந்தேன். அந்தப் பொடி எழுத்தைப் படித்த பிறகு தனியாகப் பிரித்தேன்.

இறக்கி வைத்ததும் வண்டி மூக்கு குத்தி நின்றது. அந்தக் காலத்து ஃபோர்டு பிக்கப்களில் முன்பக்கம் ட்வின் ஐ-பீம் என்று ஓர் அமைப்பு: இரண்டு சக்கரத்துக்கும் தனித்தனியாக நீளமான இரும்புத் தண்டு, ஒவ்வொன்றும் எதிர்ப்பக்கத்தில் மாட்டியிருக்கும். முன்பக்கம் தாழ்ந்தால் சக்கரம் நேராகத் தாழாது, மேல்பக்கம் உள்ளே சாயும். என் வண்டியை முன்னால் நின்று பார்த்தால், சுமை தூக்கிய மாடு கால் அகட்டி நிற்கிற மாதிரி இருந்தது. அப்படியே ஓட்டினால் டயரின் உள்விளிம்பு சில மாதத்தில் வழுக்கையாகிவிடும். கனமான எஃப்-250இன் காயில் ஸ்பிரிங்கைப் போட்ட பிறகுதான் சக்கரம் நிமிர்ந்தது.

இன்ஜினை ஸ்டாண்டில் வைத்திருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. செய்யாமல் ஏற்றுகிறவர் கடவுள் நம்பிக்கை அதிகம் உள்ளவர். முன்பக்கம் டைமிங் பல்சக்கரங்கள் இருக்கும் பெட்டியை பிளாக்கில் சரியான இடத்தில் உட்கார வைப்பதற்காக டவல் பின் என்று ஓர் இரும்பு முளை அடித்திருப்பார்கள். சுண்டுவிரல் பருமன்கூட இருக்காது. அது வெறும் இறுக்கத்தில்தான் நிற்கிறது. வருடக்கணக்கான அதிர்வில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர்ந்து, ஒரு நாள் பல்சக்கரங்களுக்கு நடுவே விழும். விழுந்தால் பெட்டி உடையும். இன்னும் மோசமாகவும் போகலாம். அமெரிக்க மெக்கானிக்குகள் அதற்குக் கொலைகாரப் பின் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

முன்மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தேன். கறுப்பு எண்ணெய்ப் பிசுக்குக்கு நடுவே பளபளவென்று ஒரு வட்டம். துணியால் துடைத்துவிட்டு விரல் நகத்தை ஓரத்தில் வைத்து இழுத்தேன், நகம் மாட்டியது. அதாவது மட்டத்தில் இல்லை, கொஞ்சம் வெளியே வந்திருக்கிறது. நாணயத்தின் கனம் இருக்கலாம். அந்த ரொட்டி வேன் எத்தனை ஆயிரம் விடியற்காலையில் ரொட்டி போட்டிருக்கும், அத்தனை நாளும் இந்தப் பின் மயிரிழை மயிரிழையாக நடந்து வந்திருக்கிறது. பஞ்ச் வைத்து மூன்று தட்டுத் தட்டி உள்ளே தள்ளினேன். பக்கத்தில் இருக்கும் போல்ட்டைக் கழற்றி, அதற்கடியில் நாக்கு மாதிரி ஒரு தகடு வைத்து, நாக்கு பின்னின் வாயை மூடுகிற மாதிரி திருப்பி முடுக்கினேன். இனி அது எங்கும் போகாது. கேஸ்கட் சுரண்டிய நேரத்தை விட்டுவிட்டால் பத்து நிமிட வேலை.

கியர்பாக்ஸ் கணக்கை விரலால் போட்டுப் பார்த்தாலே டீசலுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். என் பின் ஆக்ஸில் விகிதம் 3.50. டயர் 235/75 ஆர்15, விட்டம் 29 அங்குலம். டாப் கியர் நேர் கியராக, அதாவது இன்ஜின் சுற்று அப்படியே வெளியே போகிற கியராக இருந்தால், 65 மைல் வேகத்தில் இன்ஜின் சுமார் 2,650 சுற்று சுற்ற வேண்டும். பெட்ரோல் இன்ஜினுக்கு அது மாலை நடை. இந்த இன்ஜினுக்கு அது உச்சந்தலை, வேகத்துக்கு வரம்பு போடும் கவர்னர் கழுத்தைப் பிடிக்கிற இடம். அதனால் இன்ஜின் சுற்றை இன்னும் குறைக்கிற ஓவர்டிரைவ் கியர் கட்டாயம். நான் தேடிப் பிடித்தது டாட்ஜ் டீசல் பிக்கப்பில் வரும் என்வி4500, ஐந்து கியர், வார்ப்பிரும்பு உடம்பு, ஐந்தாவது கியர் 0.73. இன்ஜின் சுற்று 1,930க்கு இறங்கியது. இன்னொரு வசதி, ஆறு சிலிண்டர் அண்ணனுக்கும் நாலு சிலிண்டர் தம்பிக்கும் பின்பக்க போல்ட் வரிசை ஒன்றே. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்க்கிற டாட்ஜின் அடாப்டரும் பெல் ஹவுசிங்கும் அப்படியே உட்கார்ந்தன. அடாப்டர் பிளேட்டுக்காக லேத்துக்கு அலையவில்லை. இந்த கியர்பாக்ஸுக்கும் ஒரு வியாதி உண்டு: ஐந்தாவது கியரைப் பிடித்து நிற்கும் பெரிய நட் தானாகக் கழன்று வரும். சில நாளில் ஐந்தாவது கியர் காணாமல் போகும். அதற்கென்று வரும் பூட்டு நட்டைப் போட்டேன்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னால் ஏர் லாக், அதாவது டீசல் குழாய்களில் மாட்டிய காற்றை, எடுக்க வேண்டும். ஃபில்டர் தலையில் போல்ட்டைத் தளர்த்தி, லிஃப்ட் பம்பின் ரப்பர் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்த ஆரம்பித்தேன். புஸ், புஸ். பிறகு சோப்பு நுரை. நூறு அழுத்து ஆனதும் நுரை போய் டீசல் கம்பியாக வந்தது. பிறகு நாசில் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி செல்ஃப் அடித்தேன். வீடியோ காலில் அப்பா. அங்கே அவருக்கு ராத்திரி பத்தரை.

"மூணாவது நாசில்ல இன்னும் காத்து வருது பாரு. அதை முடுக்காத."

"இங்க எனக்கே தெரியலைங்கப்பா, உங்களுக்கு எப்படித் தெரியுது?"

"சத்தம் கேக்குதுல்ல. செல்ஃப விட்டு விட்டு அடி, சூடாயிரும்."

நான்காவது முறை இன்ஜின் ஒரு பக்கமாகத் துள்ளி, வெள்ளைப் புகை கக்கி, பிடித்துக்கொண்டது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. போனைக் காதோடு வைத்துக்கொண்டதால் திரையில் அவருடைய காது மட்டும் தெரிந்தது. ஒரு நிமிஷம் கழித்து, "நாலுதான் அடிக்குது, ஆனா அதே ஜாதி" என்றார்.

சாவியைத் திருப்பி நிறுத்தினேன். நிற்கவில்லை.

டீசலில் ஸ்பார்க் பிளக் கிடையாது, கரண்டை வெட்டினால் நிற்பதற்கு. பம்புக்கு வரும் டீசலை வெட்ட வேண்டும். அதற்குத்தான் அந்த ஒரே வயர். கரண்ட் போனால் சோலினாய்டு மூடிக்கொள்ளும். நான் செய்த முட்டாள்தனம், ஆல்டர்னேட்டரை எழுப்புகிற வயரையும் சோலினாய்டு வயரையும் சாவியில் இருந்து வரும் ஒரே முனையில் முடுக்கியது. சாவியை மூடினாலும், சுற்றிக்கொண்டிருக்கும் ஆல்டர்னேட்டர் அந்த வயர் வழியாகவே திரும்பிக் கரண்ட் கொடுக்கிறது. இன்ஜின் ஓடுவதால் ஆல்டர்னேட்டர் சுற்றுகிறது, ஆல்டர்னேட்டர் சுற்றுவதால் இன்ஜின் ஓடுகிறது. பேட்டரியைக் கழற்றினாலும் நின்றிருக்காது. அப்பா "டாப் கியர்ல போட்டு பிரேக்க மிதிச்சு கிளட்ச்ச விடு" என்று கத்துகிறார், எனக்கோ கியர்பாக்ஸையும் பின் சக்கரத்தையும் இணைக்கிற கார்டன் ஷாஃப்ட்டே இன்னும் மாட்டவில்லை. கடைசியில் பம்ப் தலையில் இருந்த வயரைக் கையால் பிடுங்கினேன். உடனே அமைதி. கரண்டை ஒரே திசையில் மட்டும் விடுகிற டயோடு ஒன்று போட்டதும் சரியானது, விலை ஒரு டாலருக்கும் குறைவு. பலகையை வைத்து, இன்ஜினுக்குள் காற்றை ஊதும் டர்போவின் வாயை அடைத்தும் இன்ஜினை நிறுத்தலாம். உள்ளங்கையை மட்டும் வைத்துவிடாதீர்கள். அந்த உறிஞ்சல் விரலைக் கேட்கும்.

இப்போது தொட்டியை நசுக்கிய கதைக்கு வரலாம்.

கால் மிதிப்புக்கு வேக்கத்தால், அதாவது வெற்றிடத்தின் இழுப்பால், பலம் சேர்ப்பது பிரேக் பூஸ்டர். அதன் ரப்பர் குழாய் பழைய இன்ஜினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. புது இன்ஜின் மேனிஃபோல்டிலும் ஒரு துளை இருந்தது. குழாய் அதில் அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. பொருந்தியதே எனக்குப் போதுமானதாக இருந்தது. அன்று ராத்திரி அப்பாவிடம் சொன்னபோது அவர் முதலில் சிரித்தார், பிறகு திட்டினார்.

"ஏண்டா, பெட்ரோல் வண்டில காத்து வழிய அடைக்கற பட்டர்ஃபிளை மூடியிருக்கும். இன்ஜின் காத்துக்கு ஏங்கி உறிஞ்சும். அந்த உறிஞ்சல்தான் வேக்கம். டீசல்ல பட்டர்ஃபிளை எங்கடா இருக்குது? வாயத் தொறந்து வெச்சிக்கிட்டே ஓடற இன்ஜின். இதுல டர்போ வேற, உறிஞ்சறதுக்குப் பதிலா ஊதும்."

"தெரியுங்கப்பா. மறந்துட்டேன்."

"அம்பாசடர் டீசலுக்கு ஆல்டர்னேட்டர் பின்னாடி வேக்கம் பம்ப் எதுக்கு வெச்சிருக்கான்? அழகுக்கா?"

ஊரில் இதெல்லாம் பட்டறைப் பையனுக்கே தெரிந்த விஷயம். மேட்டடார் டீசல் இன்ஜினைத் தூக்கி அம்பாசடரிலும் ஜீப்பிலும் வைத்து வாடகைக்கு ஓட்டிய காலம் ஒன்று இருந்தது. டீசல் விலைக்காக அத்தனை பேர் செய்ததை நான் ஆசைக்காகச் செய்து, அவர்கள் தாண்டிய பள்ளத்திலேயே விழுந்திருக்கிறேன். பூஸ்டர் வாயில் இருக்கும் ஒருவழி வால்வு தயவால், டர்போ காற்று உள்ளே போய் டயஃப்ரத்தைக் கிழிக்கவில்லை. அது ஒன்றுதான் லாபம்.

வேக்கம் பம்ப் போடலாம், அல்லது வேக்கமே வேண்டாம் என்று ஹைட்ரோ பூஸ்ட்டுக்கு மாறலாம். ஹைட்ரோ பூஸ்ட் என்றால், பவர் ஸ்டியரிங் பம்பின் எண்ணெய் அழுத்தமே பிரேக்குக்கும் கை கொடுக்கும். இன்ஜின் நின்றுபோனாலும், சேமித்து வைத்த அழுத்தத்தில் இரண்டொரு முறை பிரேக் பிடிக்கும். கனத்த டீசல் வேன்களில் அதுதான் வழக்கம். ரொட்டி வேனிலும் அதுதான் இருந்தது. ஆம், "இன்ஜின் மட்டும் போதும்" என்று பெரிய மனுஷனாகச் சொன்ன அதே வேன். திரும்பப் போனேன். யார்டுக்காரர் வேன் இருந்த இடத்தைக் காட்டினார். எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. வேறொரு வண்டியின் யூனிட்டைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விலைக்கு வாங்கி, பெடல் தண்டை வெட்டி வெல்டிங் வைத்து மாட்டினேன். இப்போது பெருவிரலால் தொட்டாலே நிற்கிறது. வீட்டில் யார் ஓட்டினாலும் முதல் சிக்னலில் நெற்றி ஸ்டியரிங்கை முட்டப் போகும்.

மற்ற விட்டகுறைகள் சின்னவை. பழைய கார்புரேட்டர் இன்ஜினுக்கு எரிபொருள் திரும்பிப் போகும் குழாய் தேவைப்பட்டதில்லை. இந்த பம்ப் வாங்கும் டீசலில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும், அதற்கு டேங்க் வரை தனிக் குழாய். டர்போ வலது பக்கம், ஹீட்டர் பெட்டியும் வலது பக்கம்; இரண்டுக்கும் நடுவே வெப்பத் தகடு. பம்பில் ஒரு ஸ்க்ரூவைத் திருகினால் டீசல் கூடும், புல்லிங் கூடும், கூடவே புகைக் குழாயின் சூடும் ஏறும். 1,250 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் நீண்ட நேரம் போகவிடக் கூடாது என்பது இங்கே பரவலாகப் பின்பற்றும் கணக்கு. அந்தச் சூட்டைக் காட்டும் மீட்டர் மாட்டாமல் ஸ்க்ரூ பக்கம் போகாதீர்கள்.

மைலேஜ் கேட்பீர்கள், தெரியும். கேலனுக்கு 22 மைல், லிட்டருக்கு 9 கிலோமீட்டர் சொச்சம். பழையது 14 மைல். ஆனால் அமெரிக்காவில் டீசல் பெட்ரோலைவிட விலை அதிகம். போட்ட பணத்தை மைலேஜில் எடுக்க என் மகனுடைய மகன் ஓட்ட வேண்டும்.

டெக்சஸில் இவ்வளவு பழைய வண்டிக்குப் புகைச் சோதனை இல்லை, அதனால் நான் தப்பித்தேன். கலிபோர்னியாவில் பெட்ரோல் வண்டிகளுக்கு 1976 மாடலில் இருந்தே சோதனை உண்டு. அங்கே இருப்பவர்கள் இன்ஜின் வாங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள். ஊரில் செய்யலாமா என்று கேட்டு மெயில் போடுகிறவர்களுக்கு ஒரே பதில்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவைப் படியுங்கள். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் இன்ஜினில் கை வைக்காதீர்கள்.

தீராத ஒன்று அதிர்வு. வரிசை ஆறு சிலிண்டரில் பிஸ்டன்களின் ஏறுதலும் இறங்குதலும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும். நாலு சிலிண்டரில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை ஓர் உதைப்பு மிச்சமிருக்கும். அதை அடக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட் இந்த இன்ஜினில் இல்லை. 800 சுற்று ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 1,600 உதைப்பு, ஒவ்வொன்றும் ஒரு லிட்டர் சிலிண்டரின் உதைப்பு. இன்ஜினைத் தாங்குகிற மவுண்டிங் ரப்பரைக் கெட்டியாகப் போட்டது என் தவறு. ஓடும்போது தெரியவில்லை, சிக்னலில் நின்றால் டேஷ்போர்டில் வைத்த சில்லறை நடக்கிறது. பக்கக் கண்ணாடியில் பின்னால் நிற்கிற கார் ஒன்றா மூன்றா என்று சொல்ல முடியாது. மெத்தென்ற ரப்பர் ஆர்டர் போட்டிருக்கிறேன், அடுத்த வாரம் வருகிறது. அதுவரை சிக்னலில் ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்து 1,000 சுற்றில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கண்ணாடி தெளிகிறது. பக்கத்துக் காரில் இருப்பவர் ரேஸுக்குக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்.